உரு வராத ஞாயிறு

தங்கத்துரையைத் தெரியாத தமிழர் இன்றைக்கு ரொறன்ரோவில் குறைவு. மார்க்கம் நகரத்துத் தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போதுகூட யாராவது வந்து பக்கத்தில் நின்று போனைத் தூக்குகிறார்கள். அவரும் கையில் கத்தரிக்காயோடு சிரித்து வைக்கிறார். ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் அஜக்ஸில் ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். ஒரு தமிழ்ப் படத்தில் நடித்தார். அது ஏதோ ஒரு விழாவில் பரிசு வாங்கியது. அதைப் பார்த்த ஆங்கிலத் தொடர்க்காரர்கள் அவரைக் கூப்பிட்டு ஓர் ஆஸ்பத்திரிக் காவலாளியாகப் போட்டார்கள். எட்டுப் பகுதிகளிலும் சேர்த்து அவர் பேசியது பத்தொன்பது சொற்கள்; மகள் யதுஷா எண்ணி வைத்திருக்கிறாள். மிச்ச நேரமெல்லாம் பார்த்துக்கொண்டே நிற்பார். அந்தப் பார்வைக்குத்தான் சனம் விழுந்தது.

பேட்டி எடுக்க வருகிறவர்கள் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: "அங்கிள், நடிப்பை எங்க படிச்சனீங்கள்?" தங்கத்துரை, "படிக்கல்ல தம்பி" என்பார். உண்மைதான். ஆனால் அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அவர் பேச்சை மாற்றிவிடுவார். அது ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கதை.

எந்த ஊர் என்று கேட்டால் மட்டக்களப்பு என்பார். மட்டக்களப்பில் எங்கே என்றால், வாகரைப் பக்கம். அதற்கு மேல் கேட்கிற பொறுமை யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இருப்பதில்லை. கேட்டிருந்தால், நாங்கள் வேடர் என்று சொல்லியிருப்பார். அந்தக் கடலோரக் காட்டில் எல்லாருக்கும் முன்னால் இருந்த சனம். பழைய பேச்சு பாட்டன் காலத்துக்கு முன்பே போய்விட்டது. தமிழ்தான் வீட்டு மொழி. இலங்கைப் பத்திரங்களிலும் கனடாப் பத்திரங்களிலும் அவர் தமிழர் மட்டும்தான்.

ஒருமுறை நடிகர்களுக்கான படிவம் ஒன்றை யதுஷா நிரப்பிக்கொண்டிருந்தாள். பூர்வகுடியா என்று அதில் ஒரு பெட்டி இருந்தது. "போடு மகள், நாமளும் அதுதானே" என்றார் தங்கத்துரை. "அப்பா, அது இந்த நாட்டு ஆக்களுக்கு" என்றாள் அவள். "சரி, விடு. இது அவங்கட மண். இங்க நாம வந்த ஆக்கள்தான்" என்றார். அந்தப் பெட்டி வெறுமையாகவே போனது.

ஆனால் ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற பதினொரு குடும்பங்களுக்கு அவர் நடிகர் இல்லை. தெய்வக்காரர். வருடத்துக்கு ஒருமுறை தங்கள் முன்னோருக்கும் குமார தெய்வத்துக்கும் அவர்கள் எடுக்கிற சடங்கில் உரு வந்து ஆடுகிறவர் அவர். இருபத்திரண்டு வயதில், ஊரில், பறை கேட்டுக்கொண்டு சும்மா நின்றவரைத் தெய்வம் பிடித்தது. அன்றிலிருந்து அவர் கையில்தான் வேப்பங்குழை.

ஊரில் மூன்று நாள் நடக்கிற சடங்கு இங்கே ஒரே ஒரு ஞாயிறு, காலை பத்திலிருந்து பின்னேரம் நாலு மணிவரை. திங்கட்கிழமை எல்லாருக்கும் வேலை. தெய்வமும் அதற்கு ஒத்துக்கொண்டுதான் ஆகவேண்டும். 2009இல் தொடங்கியபோது ஒரு மண்டபத்தில் வைத்தார்கள். சாம்பிராணிப் புகைக்கு அலாரம் அலறி, தீயணைப்பு வண்டி வந்து, பெரிய சப்பாத்துகளோடு நாலு பேர் தெய்வத்துக்குப் படைத்த மடைக்கு முன்னால் வந்து நின்றார்கள். அதில் ஒருவன் என்ன நினைத்தானோ, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். மண்டபக்காரர் மறுவருடம் தரவில்லை. அதன் பிறகு தங்கத்துரையின் வீட்டுப் பின்வளவிலேயே பந்தல். பறை அடிப்பவர் அருள்நாயகம். மற்ற நாட்களில் பஸ் ஓட்டுகிறார்.

உரு வந்தால் தங்கத்துரைக்கு ஒன்றும் தெரியாது. பறை ஏறுவது தெரியும், பாதத்தில் ஒரு குளிர் தொடங்குவது தெரியும், அவ்வளவுதான். கண்ணைத் திறக்கும்போது தலையில் மஞ்சள் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். மனைவி பேபி செம்போடு நிற்பாள். இடையில் சனம் வெற்றிலைத் தட்டு வைத்து வாக்குக் கேட்டிருக்கும். தெய்வம் அவர் வாயால் பதில் சொல்லியிருக்கும். அதில் ஒரு சொல்கூட அவருக்கு நினைவு இராது. எல்லாரும் போன பிறகு, "என்ன பேபி சொன்னன்?" என்று கேட்பார். அவள் ஒவ்வொன்றாகச் சொல்வாள். யாரோ அந்நியன் பேசியதைக் கேட்பதுபோல் அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு வருடம் சடங்கு பார்க்க யதுஷாவின் சிநேகிதன் பிரசாந் வந்தான். மார்க்கம் நகரில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தாய் தகப்பன் யாழ்ப்பாணம். படம் எடுக்கிறவன்; பரிசு வாங்கிய அந்தப் படம் இவனுடையதுதான். தங்கத்துரை ஆடியதை வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தவன், மறுநாளே வந்து காலில் விழாத குறையாக நின்றான்.

"அங்கிள், அதை அப்பிடியே என்ர படத்தில செய்யுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"அது நான் செய்யிறதில்ல தம்பி."

"ஓம், ஐ நோ. அதுதான் அங்கிள் வேணும்."

பதினொரு குடும்பமும் கூடிக் கதைத்தது. அருள்நாயகம் ஒரேயடியாக வேண்டாம் என்றார். தெய்வத்தைத் தியேட்டரில் காட்டி ரிக்கற் விற்கிறதா என்று கத்தினார். கடைசியில் வழி கண்டுபிடித்தவர் தங்கத்துரையேதான். செய்வேன், ஆனால் எல்லாவற்றையும் பிழையாகச் செய்வேன் என்றார். சொன்னபடியே செய்தார். வலக்கையில் பிடிக்க வேண்டிய குழையை இடக்கையில் பிடித்தார். வேம்புக்குப் பதில் வேறு ஏதோ இலை. கால் வைப்பு தலைகீழ். பறைக்குத் தாளம் மாற்றிக் கொடுத்தார். மடையில் ஒரு பொருளும் அதனதன் இடத்தில் இல்லை. பார்க்கிற உலகத்துக்கு அது பெரிய சடங்கு. அந்தப் பதினொரு குடும்பத்துக்கு மட்டும் அது சடங்கே இல்லை என்று தெரியும். படம் வந்தபோது அருள்நாயகமே சிரித்துவிட்டார்.

ஆனால் அந்தப் படப்பிடிப்பில் நடந்த ஒன்று தங்கத்துரைக்கு மட்டும்தான் தெரியும். ஸ்காபரோவில் ஒரு பழைய தொழிற்சாலைக்குள், பிழையான இலையோடு, பிழையான பறைக்கு ஆடினார். பிரசாந் ஏழு தரம் எடுத்தான். ஐந்தாம் தரம் அவருடைய உடம்பு தானாக நடுங்கத் தொடங்கியது. தோள், கழுத்து, தாடை எல்லாம் உரு வந்ததுபோலவே. பாதத்தில் மட்டும் குளிர் இல்லை. மூளை தெளிவாக இருந்தது. கமரா எங்கே நிற்கிறது என்றுகூடத் தெரிந்தது. "கட்" என்ற சத்தம் கேட்டதும் நடுக்கம் நின்றது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவருக்கு அழுகை வந்தது. அதையும் அவர்கள் நடிப்பின் களைப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

அழுகைக்குக் காரணம் வேறு. தெய்வம் இல்லாமல் அப்படி நடுங்க அவருக்கு முன்பே தெரியும். ஒருமுறை செய்திருக்கிறார். 2014ஆம் ஆண்டுச் சடங்கில், யோகமலருக்கு முன்னால்.

யோகமலர் அவருக்குத் தங்கை முறை. ஊரில் பக்கத்து வளவு. அவளுடைய மகன் யசிந்தன் பதினாறு வயதில், 2007ஆம் ஆண்டு யுத்த இடப்பெயர்வில், சனத்தோடு சனமாக நடந்து வந்தவன், காணாமல் போனான். பின்னால்தான் வருகிறான் என்று நினைத்துக்கொண்டு தாய் நடந்திருக்கிறாள். திரும்பிப் பார்த்தபோது இல்லை. அவ்வளவுதான் கதை. அதற்கு மேல் இன்றுவரை யாருக்கும் ஒன்றும் தெரியாது. மகள் நிரோஷினி கல்யாணம் முடித்துக் கனடா வந்து, 2012இல் தாயைக் கூப்பிட்டாள். யோகமலர் ரெக்ஸ்டேலில் ஒரு மாடிக் கட்டடத்தில் பதினாலாம் தட்டில் குடியிருந்தாள்.

2014இல் அவள் திடீரென்று ஊருக்குப் போகப் புறப்பட்டாள். தனியாகப் போய் ஒவ்வொரு முகாமாக, ஒவ்வொரு சிறையாகத் தேடப்போவதாகச் சொன்னாள். ரிக்கற் போட்டாயிற்று. நிரோஷினிக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். இரத்த அழுத்தம் ஏறி டொக்டர் படுக்கையில் இருக்கச் சொல்லியிருந்தார். யார் சொல்லியும் யோகமலர் கேட்கவில்லை. சடங்கில் தெய்வத்திடம் கேட்டுவிட்டுப் போகிறேன் என்று வெற்றிலைத் தட்டோடு வந்து முன்னால் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு உரு வரவில்லை. அருள்நாயகத்துக்குக் கை ஓய்ந்தது. பாதத்தில் குளிர் இல்லை. சில வருடங்களில் அப்படி நடப்பதுண்டு. அப்போது தெய்வம் வரவில்லை என்று சொல்லி மடையை எடுத்துவிடுவார்கள். தங்கத்துரையும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தார். யோகமலர் அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்துக்கு முன்னால் அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. தோளைக் குலுக்கினார். தாடையை ஆட்டினார். குழையை உயர்த்தினார்.

"இருந்த இடத்த விட்டு அசையாத. உன்ட பிள்ள வருவான். இடக்கால் தொடையில தழும்போட நடந்து வருவான்" என்றார்.

யோகமலர் குழறி அழுதாள். அந்தத் தழும்பு பற்றி வெளியாட்களுக்குத் தெரியாது. ரிக்கற்றைக் கிழித்துப் போட்டாள். நிரோஷினிக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறந்தது. நல்லதுதான் நடந்தது என்று தங்கத்துரை தன்னைத் தேற்றிக்கொண்டார். ஆனால் அன்று எல்லாரும் போன பிறகு, "என்ன பேபி சொன்னன்?" என்று அவர் கேட்கவில்லை. பேபியும் சொல்லவில்லை. முப்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அது போதும். இருவரும் அதைப் பற்றிப் பிறகு ஒருநாளும் கதைக்கவில்லை.

யோகமலர் அந்த வாக்கை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டாள். இருந்த இடம் என்றால் ரெக்ஸ்டேல், பதினாலாம் தட்டு, அதே கதவு. ஊரில் எல்லாரிடமும் அந்த விலாசத்தைத்தான் கொடுத்து வைத்திருந்தாள். நிரோஷினி அஜக்ஸில் வீடு வாங்கி, தாய்க்கென்று கீழே ஓர் அறை ஒழுங்கு செய்தாள். அவள் வரவில்லை. முந்தின மாசியில் கட்டடத்தின் லிப்ட் பழுதாகிப் படியில் இறங்கும்போது விழுந்து இடுப்பு உடைந்தது. சத்திரசிகிச்சை முடிந்து பொல்லோடு நடக்கத் தொடங்கியவள் நேரே அந்தப் பதினாலாம் தட்டுக்கே திரும்பிப் போனாள். நிரோஷினி வேலை முடிந்ததும் 401 நெடுஞ்சாலையில் ஒன்றரை மணித்தியாலம் ஊர்ந்து போய்ச் சமைத்துக் கொடுத்து, குளிக்கவார்த்து, திரும்பி ஊர்ந்து வருவாள். தினமும்.

இந்த வருடம் சடங்குக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை, நிரோஷினி தங்கத்துரையின் வீட்டுக்கு வந்தாள். பேபி தேத்தண்ணீர் போட உள்ளே போனாள். நிரோஷினி உட்காராமலே தொடங்கினாள்.

"மாமா, ஒண்டு கேக்கணும். கோவிக்கக் கூடாது."

"கேள் மகள்."

"அம்மா இன்னொரு தரம் விழுந்தா எழும்பமாட்டா. டொக்டர் சொல்லிட்டாங்க. நான் எவ்வளவு கெஞ்சியும் கேக்கிறா இல்ல. தெய்வம் சொன்னாத்தான் அசைவாவாம்." அவள் தரையைப் பார்த்தாள். "நீங்க இப்ப நடிகர்தானே மாமா. படத்தில செஞ்சீங்க. இந்தச் சடங்கில ஒருக்கா செய்ய ஏலாதா? மகளோட போய் இரு எண்டு ஒரு வார்த்த. அது போதும் எனக்கு."

சும்மா சொல்லக்கூடாது, ஐந்து வருடத்துக்கு முன்னர் இப்படிக் கேட்க யாருக்கும் நாக்கு எழும்பியிராது. தெய்வக்காரரிடம் போய்த் தெய்வத்தை நடி என்று கேட்பதா? ஆனால் நடிகரிடம் கேட்கலாம். தங்கத்துரைக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். தெய்வம் சொன்னால்தான் அசைவாள் என்கிறாளே, அந்தத் தெய்வமே நான்தானே என்று வாய்வரைக்கும் வந்தது. நிரோஷினியின் கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம். அவளிடம் அதைச் சொன்னால் பதினொரு வருட அலைச்சலுக்கும் காரணம் நீங்கள்தானா என்று கேட்பாள். அதைக் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை.

"பாப்பம் மகள்" என்றார்.

அந்த மூன்று வாரமும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நிரோஷினி கேட்டது லேசான வேலை. தோளைக் குலுக்கி ஒரு வசனம். யோகமலர் அடுத்த நாளே பெட்டி கட்டுவாள். எல்லாருக்கும் நல்லது. ஆனால் முதல் பொய்க்கு மேல் இன்னொரு பொய். அதுவும் தெய்வத்தின் வாயால். தெய்வம் வந்து தானே சொல்லிவிட்டால் எவ்வளவு நல்லது என்று நினைத்தார். வராவிட்டால்? ஒருநாள் குளியலறையில் கண்ணாடிக்கு முன்னால் தன்னையறியாமல் தோளைக் குலுக்கிப் பார்த்தார். கச்சிதமாக வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

சடங்கன்று பின்வளவு கொள்ளவில்லை. வழக்கமாக வருகிறவர்கள் ஐம்பது பேர்; இம்முறை இருநூறுக்கு மேல். தெருவின் இரு பக்கமும் கார்கள். பாதிப்பேர் யாரென்றே தெரியாது; தொடரில் வருகிற அங்கிள் உண்மையாகவே ஆடுவாராம் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். வேலியோரம் போன்கள் வரிசையாக உயர்ந்து நின்றன. அருள்நாயகம் இரண்டு தரம் சத்தம் போட்டுப் பார்த்தார். இறங்கிய கைகள் மறுபடி ஏறின. யோகமலருக்குப் பந்தலுக்கு முன்னால் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். பொல்லைக் கதிரையில் சாய்த்து, வெற்றிலைத் தட்டை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் நிரோஷினி.

பறை தொடங்கியது. தங்கத்துரை கண்ணை மூடிக்கொண்டு பாதத்தைக் கவனித்தார். புல் சூடாக இருந்தது. அருள்நாயகம் வேகத்தை ஏற்றினார், தணித்தார், மறுபடி ஏற்றினார். அரை மணித்தியாலம் போயிற்று. குளிர் வரவில்லை. வா, இன்றைக்கு மட்டும் வா என்று மனதுக்குள் கெஞ்சினார். வேலிக்கு அப்பால் ரயில் போகிற சத்தம் கேட்டது. அது கேட்கிற அளவுக்குத் தெளிவாக இருக்கிறோம் என்பதே அவருக்கு வேதனையாக இருந்தது.

கண்ணைத் திறந்தார். நிரோஷினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை மெல்லத் தலையசைத்தாள். உடனே அவருடைய தோள் நடுங்கத் தொடங்கியது. கூட்டத்தில் ஓர் இரைச்சல் எழுந்தது. போன்கள் இன்னும் உயர்ந்தன. கழுத்து, தாடை, எல்லாம் கேட்டபடி வந்தன. யோகமலர் தட்டைத் தூக்கி நீட்டினாள். அவளுடைய கைகளும் நடுங்கின. அந்த நடுக்கம் உண்மை.

தங்கத்துரை நின்றார். குழையை மடையில் வைத்தார். கையைக் காட்டிப் பறையை நிற்பாட்டினார்.

"யோகமலர், இந்த வருசம் தெய்வம் வரல்ல" என்றார்.

அவள் தட்டைத் திரும்ப மடியில் வைத்தாள். "பரவாயில்ல அண்ணன். அடுத்த வருசம் வரும். நான் இருப்பன்தானே."

"இல்ல, கேள். பதினொரு வருசத்துக்கு முந்தி, நீ ஊருக்குப் போகப் புறப்பட்ட நேரம், அண்டைக்கும் வரல்ல. அசையாத எண்டு சொன்னது நான். பிள்ள வருவான் எண்டு சொன்னதும் நான்தான். தெய்வம் இல்ல. உன்ட முகத்தப் பாத்து எனக்குத் தாங்க ஏலாமப் போச்சு. பொய் சொல்லிப்போட்டன். என்ன மன்னிச்சுக்க."

யோகமலர் அவரைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். திரும்பவும் அவரைப் பார்த்தாள்.

"இவள் உங்களிட்ட வந்தவளா?"

இனி ஒரு பொய்கூடச் சொல்வதில்லை என்று அவர் முடிவெடுத்துவிட்டிருந்தார். "வந்தவள்" என்றார்.

"என்னக் கூட்டிக்கொண்டு போறதுக்கு ஏதாவது சொல்லச் சொல்லிக் கேட்டவளா?"

"கேட்டவள். ஆனா நான் சொல்றது..."

"காணும் அண்ணன், போதும்."

தங்கத்துரை பேபியைத் திரும்பிப் பார்த்தார். செம்போடு நின்ற பேபி முன்னுக்கு வந்தாள். "ஓம் மச்சாள். அண்டைக்கு இவர் என்ன சொன்னன் எண்டு என்னக் கேக்கல்ல. உரு வந்தாக் கேப்பார். அண்டைக்குக் கேக்கல்ல" என்றாள்.

"நீங்களும் சேந்துதான் கதைச்சு வச்சிருக்கீங்க" என்றாள் யோகமலர். குரலில் கோபம்கூட இல்லை. "அப்ப அந்தத் தழும்பு? அது ஆருக்கும் தெரியாதே. என்ட பிள்ளைட தொடையில தழும்பு இருக்கெண்டு தெய்வத்துக்குத் தெரிஞ்சுதே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதையும் அவர் சொல்லத்தான் வேண்டியிருந்தது. "அவனுக்கு ஒன்பது வயசு. பள்ளிக்கூடம் விட்டு நடந்து வந்தவன நான்தான் சைக்கிள் பாரில ஏத்தினன். வேகமா வந்து மதகடியில விழுத்திப்போட்டன். கல்லு வெட்டினது. நீ என்னை ஏசுவாய் எண்டு பயந்து அவன்தான் சொன்னான், 'மாமா, நான் தனிய ஓடி விழுந்ததெண்டு அம்மாவுக்குச் சொல்றன்' எண்டு. அப்படித்தான் சொன்னவன்."

சொல்லி முடிக்கும்போது அவருக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. அந்தச் சின்னக் கால், அதிலிருந்து வழிந்த இரத்தம், தன் சட்டையால் கட்டிவிட்டது எல்லாம் கண்ணுக்குள் நின்றன. இருபத்தாறு வருடமாக யாரிடமும் சொல்லாத விஷயம்.

யோகமலர் எழுந்தாள். நிரோஷினி பிடிக்கப் போனாள். கையைத் தட்டிவிட்டுப் பொல்லை ஊன்றிக்கொண்டாள்.

"என்ட பிள்ள எனக்குப் பொய் சொல்லமாட்டான்" என்றாள்.

மடைக்கு முன்னால் போய்த் தானே திருநீற்றை எடுத்துப் பூசினாள். தட்டை அங்கேயே வைத்துவிட்டுத் தங்கத்துரையின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்கட படத்த நான் ரெண்டு தரம் பாத்தன் அண்ணன். நம்மட தெய்வத்தக் காட்டிக்குடுக்காம எல்லாத்தையும் பிழையாச் செஞ்சிருந்தீங்க. எனக்குப் பெருமையா இருந்திச்சு. நல்லா நடிச்சீங்க." அவள் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இங்க வேணாம். தெய்வத்துக்கு முன்னால நடிக்காதீங்க."

கூட்டம் விலகி வழிவிட்டது. இருநூறு பேருக்கு நடுவில் அவள் ஒவ்வொரு அடியாக வைத்துப் போனாள். வேலியோரத்தில் எவனோ ஒருவன் கைதட்டத் தொடங்கி, மற்றவர்கள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். அருள்நாயகம் பறையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு மடையை எடுக்கத் தொடங்கினார். தங்கத்துரைக்குச் சத்தம் போட்டு அழவேண்டும்போல் இருந்தது. அழுதால் அதையும் என்னவென்று நினைப்பார்களோ என்ற பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

தாயைக் காரில் ஏற்றிவிட்டு நிரோஷினி வெற்றிலைத் தட்டை எடுக்கத் திரும்பி வந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல், அவருடைய கையைப் பிடித்தாள்.

"தேங்ஸ் மாமா. தெய்வம் மாதிரி வந்து சொல்லுவீங்க எண்டுதான் நினைச்சன். நீங்க செஞ்சது அதவிட நல்லா இருந்திச்சு. அந்தச் சைக்கிள் கதையெல்லாம் சொல்லேக்க நானே நம்பிட்டன். அம்மாதான் நம்பல்ல. நீங்க என்ன செய்வீங்க."

"அது கதை இல்ல மகள். நடந்தது. நான் நடிக்கல்ல."

நிரோஷினி அவரை நிமிர்ந்து பார்த்தாள். தன் பங்குக்கு ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டுமே என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ஓம் மாமா" என்று மெதுவாகச் சொல்லி, அவருடைய கையை இரண்டு தரம் தட்டிக்கொடுத்துவிட்டு, தாயை ரெக்ஸ்டேலில் விடுவதற்காகக் காரை நோக்கி நடந்தாள்.